பூட்டு, சட்டம், விலை: திருட்டுப் பிரதியை எது குறைக்கும்?

“நகலெடுப்பதைத் தடுக்கும் டிஜிட்டல் பூட்டும் கடுமையான சட்டமும் இருந்தும் திருட்டுப் பிரதிகள் ஏன் ஒழியவில்லை? விலையைக் குறைத்தால் ஒழிந்துவிடுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

2001 முதல் 2012 வரை திண்டுக்கல்லில் சிடி கடை வைத்திருந்தேன். வாடகைக்கும் கொடுப்பேன், விலைக்கும் கொடுப்பேன். பதினோரு வருடம் கல்லாவில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். விலை குறைந்தால் திருட்டுப் பிரதி நன்றாகவே குறையும். ஆனால் பொருள் கடைக்கு வந்திருந்தால்தான் விலைக்கு வேலை. டிஜிட்டல் பூட்டால் எந்தத் திருட்டும் குறைந்து நான் பார்த்ததில்லை. காசு கொடுத்து வாங்கியவர்தான் அதில் மாட்டிக்கொள்வார்.

கடை தொடங்கிய காலத்தில் ஒரிஜினல் விசிடி நூறு ரூபாய்க்கு மேல். அதே படம் பஸ் நிலையத்து நடைபாதையில் முப்பது ரூபாய். வெள்ளிக்கிழமை வெளியான படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கேமரா பிரிண்ட் வந்துவிடும். தியேட்டரில் யாரோ எழுந்து போகும் நிழல் திரையில் விழும், பின்வரிசையில் இருமுகிற சத்தம் கேட்கும். அதையும் வாங்கினார்கள். முதல் இரண்டரை வருடம் நானும் விற்றேன். மறைத்து எழுத விருப்பமில்லை. வாடகை கட்ட வேண்டும், பக்கத்துக் கடையில் விற்கிறார்கள், கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்ப மனமில்லை. இவையெல்லாம் காரணங்கள்தான், நியாயம் ஆகாது.

2004-இல் தமிழக அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வீடியோ திருட்டையும் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தில் பிடித்தால் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். செய்தி வந்த அன்று இரவே கடையில் இருந்த திருட்டுத் தட்டுகளை மூட்டை கட்டி எடுத்துப்போய் உடைத்தேன். பயத்தில்தான் நிறுத்தினேன். அந்தப் பயம் நல்ல பயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஊரில் விற்பனை குறைந்ததா? இல்லை. கடைக்குக் கதவும் பெயர்ப்பலகையும் இருப்பதால் கடைக்காரன் பயந்தான். சரக்கு கடையிலிருந்து இறங்கி, துணிப்பையில் தட்டுகளை வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாக நடக்கிற பையன்களிடம் போய்ச் சேர்ந்தது. போலீஸ் வருவது தெரிந்தால் பையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

சட்டத்தால் ஆகாதது 2007-இல் ஒரு அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது.

மோசர் பேயர் என்று ஒரு நிறுவனம். டெல்லிப் பக்கம் நொய்டாவில் தொழிற்சாலை. பதிவு செய்யாத காலித் தட்டுகளைத் தயாரிப்பதில் உலகத்திலேயே பெரிய நிறுவனங்களில் ஒன்று. திருட்டு விசிடிக்காரர்கள் எழுதுகிற பிளாங்க் சிடியே பல நேரம் அவர்கள் தயாரித்ததாக இருக்கும். அவர்கள் பட உரிமைகளை வாங்கி, விசிடி ரூ.28, டிவிடி ரூ.34 என்று சந்தையில் இறக்கினார்கள். விலையை உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். முதல் பெட்டியைப் பிரித்தபோது ஏதோ அச்சுப்பிழை என்றே நினைத்து, கொண்டுவந்த ஆளிடம் இரண்டு முறை கேட்டேன்.

அந்த வாரம் வந்த ஓர் அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது ஒரிஜினலா? இருபத்தெட்டு ரூபாய்தானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “ஓடவில்லையென்றால்?” “கொண்டு வாருங்கள் அக்கா, மாற்றித் தருகிறேன்.” இந்த வாக்கியத்தை அதுவரை எந்த வாடிக்கையாளரிடமும் என்னால் சொல்ல முடிந்ததில்லை. திருட்டுத் தட்டு இரண்டாம் பாதியில் நின்றுபோனால் யாரிடம் போய்க் கேட்பது? அந்த அம்மா சிவாஜி படம் இரண்டு, சாமி படம் மூன்று, மொத்தம் ஐந்து வாங்கிப்போனார். அதற்கு முன்னால் ஒரு குடும்பத்துக்கு ஒரே நேரத்தில் ஐந்து ஒரிஜினல் விற்ற நாள் எனக்கு நினைவில் இல்லை.

இதன் கணக்கு எளிமையானது. திருட்டுத் தட்டுக்கும் செலவு உண்டு: காலித் தட்டு, ஜெராக்ஸ் உறை, கொண்டுவருகிறவன் கூலி, விற்கிறவன் லாபம், அவ்வப்போது பறிமுதலாகும் சரக்கின் நட்டம். உரிமைத் தொகை ஒன்றைத்தான் அவன் கொடுப்பதில்லை. எனவே முப்பது ரூபாய்க்குக் கீழே அவனால் அதிகம் இறங்க முடியாது. ஒரிஜினலுக்கும் அவனுக்கும் இடையில் இருந்த எழுபது, எண்பது ரூபாய் இடைவெளிதான் அவனுடைய பிழைப்பு. தட்டைத் தானே தயாரிக்கிற நிறுவனம், லட்சக்கணக்கில் விற்றால் போதும் என்று இறங்கி வந்தபோது அந்த இடைவெளி மறைந்தது. ஆறே மாதத்தில் எங்கள் பகுதியில் பழைய படங்களின் திருட்டுத் தட்டுகள் கண்ணில் படவில்லை. யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லி நடந்த மாற்றம் இல்லை இது.

ஆனால் பழைய படங்களில்தான். புதுப்படம் எங்களிடம் மாதங்கள் கழித்துத்தான் வரும். அந்த மாதங்கள் முழுக்கத் திருட்டுத் தட்டுக்காரனுக்குப் போட்டியே கிடையாது. இல்லாத பொருளை என்ன விலைக்கு விற்பது? தியேட்டர் உரிமையாளர்களின் கவலை எனக்குப் புரிகிறது. வீட்டுக்கே படம் வந்துவிட்டால் தியேட்டருக்கு யார் வருவார்கள் என்ற பயம் பொய்யானது இல்லை. இருந்தாலும் டிக்கெட் எடுத்துக் குடும்பத்தோடு போக முடியாதவர் எங்கள் ஊரில் பாதிப்பேர் இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் நேர்வழி வைக்கவில்லை. இயக்குநர் சேரன் 2015-இல் ‘சினிமா டு ஹோம்’ என்ற பெயரில் புதுப்படத்தை டிவிடியாக நேரே வீடுகளுக்குக் கொண்டுவர முயன்றார். எட்டு வருடம் முன்னால் வந்திருந்தால் என் கடையிலேயே அதை வாசலில் அடுக்கி விற்றிருப்பேன். அவர் வந்தபோது தட்டுகளின் காலமே முடிந்துகொண்டிருந்தது. மோசர் பேயரும் பின்னாளில் கடனில் மூழ்கி, 2018-இல் சொத்துகளை விற்றுக் கணக்கு முடிக்கும் உத்தரவுக்குப் போய்விட்டது.

பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். மகன் அமெரிக்காவில் வேலை. விடுமுறைக்கு வந்தபோது அப்பாவுக்குப் பிடிக்கும் என்று பழைய ஆங்கிலப் படங்களின் டிவிடிகள் நான்கு வாங்கி வந்திருந்தான். கண்ணாடித்தாள் கூடப் பிரிக்காத ஒரிஜினல். மகன் திரும்பிப் போனபின் அவர் ஒரு தட்டைப் போட்டிருக்கிறார். இந்த மண்டலத்தில் இயங்காது என்று திரையில் எழுத்து வந்து நின்றுவிட்டது. நான்கையும் எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். டிவிடிகளுக்கு உலகத்தைத் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். அமெரிக்கா 1, இந்தியா 5. அங்கே விற்ற தட்டு இங்கே விற்ற பெயர்பெற்ற நிறுவனத்து பிளேயரில் ஓடாது. இதை அவருக்கு விளக்கியபோது, “காசு கொடுத்துத்தானே வாங்கியிருக்கிறான்?” என்று மட்டும் கேட்டார். யாரோ தன் மகனைத் திருடன் என்று சொல்லிவிட்டதுபோல அவர் முகம் வாடிவிட்டது. இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைத்த சீன பிளேயர் அந்த நான்கையும் தடையில்லாமல் ஓட்டியது. சென்னை பர்மா பஜாரிலிருந்து வந்த திருட்டுத் தட்டுகளுக்கு மண்டலமும் கிடையாது, “நகலெடுப்பது குற்றம்” என்று தாண்டவே முடியாமல் ஓடும் எச்சரிக்கையும் கிடையாது. போட்டவுடன் படம் தொடங்கும். எச்சரிக்கை முழுவதையும் உட்கார்ந்து பார்த்தவர் ஒரிஜினல் வாங்கியவர் மட்டும்தான்.

நகலெடுக்க முடியாதபடி படத்தைக் குறியீடாக மாற்றிவைக்கும் டிவிடியின் மறைகுறிப் பூட்டையே 1999-இல் உடைத்துவிட்டார்கள். அதில் பங்கேற்ற யோன் லெக் யோஹான்சன் என்ற நார்வே இளைஞனுக்கு அப்போது பதினைந்து, பதினாறு வயது இருக்கும். வழக்குப் போட்டார்கள், 2003-இல் விடுதலையானான். அதாவது திண்டுக்கல்லுக்கு டிவிடி பரவலாக வருவதற்கு முன்பே பூட்டு திறந்துவிட்டது. பிரதி எடுக்கிறவனுக்கு அது ஒரு தடையாகவே இல்லை. தலைமையாசிரியர் வீட்டு பிளேயரில் மட்டும் பூட்டு கடைசிவரை பூட்டாகவே இருந்தது.

2005-இல் நடந்தது இதைவிட மோசம். சோனி பிஎம்ஜி நிறுவனம் தன் இசை சிடிகளில் நகல் தடுப்புக்காக ஒரு மென்பொருளைச் சேர்த்திருந்தது. தட்டைக் கணினியில் போட்டால் அது ஓசையில்லாமல் உள்ளே போய், தான் இருப்பதே தெரியாதபடி ஒளிந்துகொள்ளும். அது ஒளிந்திருந்த முறையைப் பயன்படுத்தி வேறு நச்சு நிரல்களும் அங்கே ஒளிய முடிந்தது. மார்க் ருசினோவிச் என்ற கணினி நிபுணர் அக்டோபர் 31 அன்று இதை வெளியிட்டார். அடுத்த மாதமே அந்தத் தட்டுகளை நிறுவனம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. யோசித்துப் பாருங்கள். அந்தப் பாடல்களைத் திருட்டுத்தனமாக இறக்கிக்கொண்டவன் கணினிக்கு அந்தத் தட்டால் ஒன்றும் ஆகவில்லை. கடைக்குப் போய் விலை கொடுத்தவன் கணினிதான் கெட்டது.

இசைத் துறை அதன்பின் கொஞ்சம் கற்றுக்கொண்டது. ஆப்பிள் 2003-இல் பாட்டு ஒன்று 99 சென்ட் என்று விற்கத் தொடங்கியபோது ஒவ்வொரு பாட்டிலும் பூட்டு இருந்தது. 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த கடிதம் எழுதினார். முந்தைய ஆண்டில் பூட்டோடு இணையத்தில் விற்ற பாடல்கள் 200 கோடிக்கும் குறைவு, அதே நிறுவனங்கள் பூட்டே இல்லாமல் சிடியில் விற்றவை 2,000 கோடிக்கும் மேல் என்று கணக்குக் காட்டினார். வாசல் முழுக்கத் திறந்து கிடக்கும்போது ஜன்னலுக்கு மட்டும் கம்பி எதற்கு என்பதுதான் அதன் சாரம். 2009-இல் அங்கே விற்ற பாடல்களில் பூட்டு எடுக்கப்பட்டது. அதனால் இசை விற்பனை அழிந்துவிடவில்லை.

என் கடையை மூட வைத்தது மெமரி கார்டு. 2010 வாக்கில் மொபைல் கடைகளில் ஐம்பது ரூபாய் கொடுத்தால் கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தந்தார்கள். நேர்வழியில் கார்டு நிறையப் பாட்டு விற்க அன்று யாருமே இல்லை. 2012 ஆடி மாதம் கடையைக் காலி செய்தேன்.

இன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவில் மொபைல் திட்டத்தை ரூ.199-இலிருந்து ரூ.149 ஆகவும், ரூ.499 அடிப்படைத் திட்டத்தை ரூ.199 ஆகவும் குறைத்தது. மோசர் பேயர் 2007-இல் கண்டுகொண்டதை அவர்களும் கண்டுகொண்டார்கள் என்று மகிழ்ந்தேன். ஆனால் இப்போது ஒரு வீட்டுக்கு நான்கைந்து சந்தா வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் மலிவுதான், சேர்த்துப் பார்த்தால் மலிவில்லை. எந்தப் படம் எதில் இருக்கிறது என்று தேடியே பாதி இரவு போகிறது. திருட்டுத் தளத்தில் எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கின்றன.

இதுவரை சொன்னதை வைத்து, எல்லாக் குற்றமும் விற்கிறவர்மேல்தான் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். தமிழ் மின்னூல்களைப் பாருங்கள். அமேசானின் மின்னூல் சேவையான கிண்டிலில் 2016 இறுதியில் தமிழ் வந்தது. பல நூல்கள் ரூ.49, ரூ.99. மாதச் சந்தாவில் படித்தால் படித்த பக்கங்களைக் கணக்கிட்டு எழுத்தாளருக்குப் பணம் போகிறது. இதைவிட விலையை எங்கே குறைப்பது? இருந்தும் டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் பிடிஎஃப் கோப்புகள் சுற்றுகின்றன. ஆயிரம் பிரதி விற்றாலே பெரிய விஷயமான ஒரு மொழியில், உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் புதுநூலை அப்படி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. இலவசமாகத்தான் வேண்டும் என்றால் நாட்டுடைமையான நூல்கள் இருக்கின்றன. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தந்து 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் இருக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. ஓர் ஆயுளுக்குப் போதுமான அளவு அங்கே நேர்மையாகக் கிடைக்கிறது.

போன மாதம் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அண்மையில் வெளியான நாவல் ஒன்றின் பிடிஎஃப்பைப் போட்டார். குழுவில் அவமானப்படுத்த வேண்டாம் என்று தனியாக எழுதினேன். உடனே நீக்கிவிட்டார். “கூகுளில் பெயரைத் தேடினேன் சார், முதலில் வந்ததே இதுதான். விற்கிற இடம் என்று தெரியவில்லை” என்றார். மின்னூலின் இணைப்பை அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு செய்தி வந்தது: “வாங்கினால் எப்போதும் என்னிடம் இருக்குமா சார்? போனை மாற்றினாலும்?”

சில வருடங்களுக்கு முன் ஒரு செயலியில் நான் பதினோரு தமிழ் மின்னூல்கள் வாங்கியிருந்தேன். அந்த நிறுவனம் சேவையை நிறுத்தியபோது பதினொன்றும் போய்விட்டன. பூட்டு அவர்கள் கையில் இருந்தது, சாவியும் அவர்கள் கையிலேயே இருந்தது. அவருக்கு “இருக்கும்” என்று எழுத விரல் வரவில்லை. அச்சுப் பிரதி விற்கிற புத்தகக் கடையின் எண்ணை அனுப்பிவைத்தேன்.