கேட்டது போலீஸ், பதில் வீட்டுக்கு

வணக்கம்.

என் தம்பிக்கு 23 வயது. சென்ற மாதம் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் நடந்த அடிதடியில் ஒருவருக்குத் தலையில் பலத்த காயம். போலீஸ் வந்து அக்கம்பக்கத்தில் எல்லோரையும் விசாரித்தார்கள். “அன்று மாலை எங்கே இருந்தாய்?” என்று கேட்டதற்குத் தம்பி “வீட்டில்தான்” என்று சொல்லியிருக்கிறான். உண்மையில், வீட்டுக்குத் தெரியாமல் பழகும் ஒரு பெண்ணோடு அடுத்த தெருவில் நின்றிருக்கிறான். அது ஒரு கேமராவில் பதிவாகியிருக்கிறது. நான்கு நாள் கழித்து அவனைக் கூப்பிட்டு, அதே கேள்வியைத் திரும்பக் கேட்டு, அதே பதிலை வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் படத்தைக் காட்டினார்களாம். இப்போது அவன்மேலேயே சந்தேகம். தப்பு செய்யாதவன் எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று நானும் திட்டிவிட்டேன். படத்தைக் கையில் வைத்துக்கொண்டே இப்படி மடக்கியது நியாயமா?

பெயர் வெளியிட விரும்பாத ஓர் அக்கா

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பி அந்தப் பொய்யைப் போலீஸிடம் சொல்லவில்லை. வீட்டுக்குச் சொன்னான். கேட்டவர் சீருடையில் இருந்தார், ஆனால் அவன் மனதில் எதிரே நின்றது அப்பாவும் அம்மாவும், ஒருவேளை நீங்களும். குற்றத்தை மறைக்கத்தான் மனிதர்கள் போலீஸிடம் பொய் சொல்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வெட்கத்தையும் உறவையும் வேலையையும் காப்பாற்றச் சொல்லும் பொய்களும் ஏராளம்.

நானும் சொல்லியிருக்கிறேன். இருபது வயதில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பன் திடீரென்று காணாமல்போனான். விசாரிக்க வந்தவரிடம் “அவ்வளவாகப் பழக்கமில்லை” என்றேன். தினமும் சேர்ந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். அவன் பலரிடம் கடன் வாங்கியிருந்தான், எனக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அவன் போகக்கூடிய இடங்கள் எனக்குத் தெரியும், சொல்லவில்லை. இரண்டு நாள் வேறெங்கோ தேடினார்கள். மூன்றாம் நாள் அவனை ஓர் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தோம், கடுமையான காய்ச்சலில், பக்கத்தில் யாருமில்லாமல். பிழைத்துக்கொண்டான். அந்த இரண்டு நாள் என்னுடைய கணக்கில் இன்னும் இருக்கிறது.

சரி, மடக்கியது நியாயமா என்ற கேள்விக்கு வருகிறேன். அவர்கள் செய்தது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை. சாட்சியத்தைக் காட்டாமல் வைத்துக்கொண்டு முதலில் பேசவிடுவது, ஆராய்ந்து வகுக்கப்பட்ட ஒரு விசாரணை முறை. ஸ்வீடனில் 82 பயிற்சிக் காவலர்களை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. எதிரே இருப்பவர் சொல்வது பொய்யா மெய்யா என்பதை, இந்த முறையைக் கற்றவர்கள் சுமார் 85 சதவீதம் சரியாகக் கணித்தார்கள், கற்காதவர்கள் 56 சதவீதம்தான். இந்த 56 அவர்களுடைய தனிக் குறை என்று நினைக்காதீர்கள். அதே 2006-இல், இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனிதர்கள் பொய்யையும் மெய்யையும் பிரித்தறிவது சராசரியாக 54 சதவீதம் என்று தெரிந்தது. கிட்டத்தட்ட காசைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான். பொய் சொல்பவன் கண்ணைப் பார்க்க மாட்டான் என்று பல நாட்டு மக்கள் நம்புகிறார்கள், அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. முகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரியைவிட, படத்தை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டவர் எனக்கு மேலானவர். அந்த மட்டில் நியாயம்தான்.

ஆனால் இந்த முறைக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. குற்றமற்றவனுக்கு மறைக்க ஒன்றுமில்லை, அவன் நடந்ததை அப்படியே சொல்லிவிடுவான் என்பது. ஆய்வுக்கூடத்தில் அது சரி, அங்கே குற்றமற்றவர் வேடத்தில் வந்தவருக்கு ஒளிக்க வேறு எதுவும் கிடையாது. உங்கள் தம்பிக்கு இருந்தது. அவன் பொய் சொன்னான் என்பதை அந்தப் படம் காட்டிவிட்டது. ஏன் சொன்னான் என்பதை எந்தக் கேமராவும் காட்டாது. இதை விசாரணை அதிகாரியிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த யாராவது உங்கள் தம்பிதான்.

நீதிமன்றங்களுக்கு இது புதிதல்ல. 1981-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் லூகாஸ் என்ற வழக்கு. தலைமை நீதிபதி லேன் பிரபு அதில் ஒன்று சொன்னார்: மனிதர்கள் சில சமயம் தங்கள் பக்க நியாயத்துக்கு வலுச்சேர்க்கப் பொய் சொல்வார்கள், வெட்கத்தால் சொல்வார்கள், தகாத நடத்தையைக் குடும்பத்திடமிருந்து மறைக்கச் சொல்வார்கள் என்று. பொய்யைக் குற்றத்தின் அடையாளமாக எடுக்குமுன் இதையெல்லாம் யோசிக்கும்படி அங்கே இன்றும் ஜூரிகளுக்கு அறிவுறுத்துகிறார்கள். இந்திய உச்ச நீதிமன்றமும் 1984-இல் சரத் சார்தா வழக்கில், பொய்யான எதிர்வாதம் மட்டுமே குற்றத்தை நிரூபித்துவிடாது, மற்ற சாட்சியச் சங்கிலி முழுமையாக இருந்தால்தான் அது கூடுதல் கண்ணியாகும் என்றது. இரண்டு தீர்ப்புகளையும் முதன்முதலாகப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இருந்தாலும் அதையே நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பல நாட்டுச் சட்டங்கள் வாய் திறக்காமல் இருப்பதையும் பொய் சொல்வதையும் வேறு வேறாகப் பார்க்கின்றன. இந்தியாவில் விசாரணை அதிகாரி கேட்பதற்கு உண்மையாகப் பதில் சொல்லக் கடமை உண்டு, தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விகளுக்கு மட்டும் விலக்கு. அமெரிக்காவில் மத்திய அதிகாரியிடம் வழக்குக்கு முக்கியமான விஷயத்தில் தெரிந்தே வெறும் “இல்லை” என்று பொய்யாகச் சொன்னாலே குற்றம் என்று 1998-இல் ப்ரோகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு சொல். “வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்று உங்கள் தம்பி சொல்லியிருந்தால் யாரோ முகத்தைச் சுளித்திருப்பார்கள், அவ்வளவுதான். பயந்தவனுக்கு அந்த வாக்கியம் வாயில் வராது, “வீட்டில்தான்” என்பதுதான் முதலில் வரும். அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

நல்ல வக்கீல் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். முதலில் சொன்னது தவறு, இங்கே நின்றேன், இவரோடு நின்றேன், இந்தக் காரணத்துக்காக மறைத்தேன் என்று எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும். அடுத்த தடவை அவர்கள் கூப்பிட்ட பிறகு சொல்வதைவிட, தானாகப் போய்ச் சொல்வதற்கு மதிப்பு அதிகம். பாதியை மட்டும் சொல்லி மீதியை மறைக்க வேண்டாம். இரண்டாவது பொய்யும் பிடிபட்டால் மூன்றாவதாகச் சொல்லும் உண்மையை யாரும் நம்ப மாட்டார்கள். அதற்கு முன்னால் வீட்டில் அவனே சொல்ல வேண்டும். நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள், சொல்லும்போது பக்கத்தில் மட்டும் இருங்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அவளையும் கூப்பிட்டுக் கேட்பார்கள், அவளுக்கும் ஒரு வீடு இருக்கிறது. “கேட்டால் என்னோடு இல்லை என்று சொல்லிவிடு” என்று தம்பி அவளிடம் சொல்லிவைத்திருக்கிறானா என்று இன்றே கேளுங்கள். சொல்லியிருந்தால், வக்கீலிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.