கடைசி எபிசோடில் மட்டும் உறையும் சீரியல் டிவிடி

சீரியல் டிவிடியில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் கடைசி எபிசோடில்தான் படம் உறைகிறது என்று பாம்பனிலிருந்து கேட்டிருந்தீர்கள். டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், முதலில் அதன் ஓரத்தைத் துடையுங்கள். 4.7 ஜிபி டிவிடியை பிளேயர் உள்ளிருந்து வெளிநோக்கிப் படிக்கும். கடைசி எபிசோட் ஓரத்தில் இருக்கும், விரல் படுவதும் அங்கேதான். பாம்பன் உப்புக்காற்றும் சேர்ந்தால் பிசுபிசுப்புதான். நான் மண்டபத்தில் இருக்கிறேன், இதே பாடுபட்டேன். முடிவைப் பார்க்க முடியாத எரிச்சல் பெரிய எரிச்சல்!

மெல்லிய ஈரத் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம்.

அப்புறம் வேறு பிளேயரில் போடுங்கள். அங்கே ஓடினால் உங்கள் பிளேயரின் லென்ஸில் அழுக்கு இருக்கலாம்.

இன்னொன்று, இரண்டு அடுக்காகப் பதிந்த 8.5 ஜிபி டிஸ்க் நடுவில் ஒரு நொடி நின்றால் பழுதில்லை, பிளேயர் அடுத்த அடுக்குக்கு மாறுகிறது. ஆழமான கீறல் துடைத்தாலும் போகாது.