மூணு நாளா தொண்டை வலி, மூக்கொழுகல், லேசான காய்ச்சல். ஆன்டிபயாட்டிக் வேண்டுமா?

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சாதாரண சளிதான், ரைனோவைரஸ் மாதிரி ஏதோ ஒரு வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்குத்தான், வைரஸுக்கு வேலையே செய்யாது.

முதலில் எப்படி ஆரம்பித்தது என்று யோசியுங்கள். காலையில் நன்றாக இருந்து மாலைக்குள் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி, குளிர், கடும் காய்ச்சல் என்று படுத்துவிட்டால் ஃப்ளூவாக இருக்கலாம். கோவிட்டை அறிகுறியை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது, டெஸ்ட்தான் வழி. காய்ச்சலே இல்லாமல் தும்மலும் கண் அரிப்புமாக இருந்தால் அலர்ஜி.

ஆன்டிபயாட்டிக் உண்மையிலேயே தேவைப்படுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண்ணுக்கு. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். காய்ச்சல் இருக்கும், டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தில் தொட்டால் வலிக்கிற நெறி, ஆனால் இருமலோ மூக்கொழுகலோ பொதுவாக இருக்காது. உங்களுக்கு மூக்கு ஒழுகுகிறதே, அதனால் வாய்ப்பு குறைவு. சந்தேகம் இருந்தால் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள்.

சளி பச்சையாகிவிட்டது என்று மெடிக்கலில் போய் அசித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் கேட்காதீர்கள். நிறத்தை வைத்து பாக்டீரியா என்று சொல்ல முடியாது, வைரஸ் சளியும் பச்சையாகும். பத்து நாள் தாண்டியும் குறையவில்லை, அல்லது குறைந்து மறுபடி காய்ச்சலும் முகவலியும் வந்தால் அப்போது சைனஸைச் சந்தேகிக்கலாம்.

மூச்சுத் திணறல், எச்சிலைக்கூட விழுங்க முடியாமை, வாயைத் திறக்க முடியாத வலி, இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.