78 சுழற்சித் தட்டும் எல்பி ஊசியும்

வணக்கம். தாத்தாவின், நிமிடத்திற்கு 78 சுழற்சி கொண்ட பழைய நாகஸ்வர இசைத்தட்டைப் புதிய டர்ன்டேபிளில் போட்டால் இரைச்சலே மேலோங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். குறை தட்டில்தான் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். புதிய டர்ன்டேபிள்களில் வழக்கமாக இருப்பது எல்பி (பிற்கால நீண்டநேர இசைத்தட்டு) ஊசி; அதன் முனை ஏறத்தாழ 18 மைக்ரான் ஆரம் கொண்டது. 78 தட்டின் அகன்ற பள்ளத்திற்கோ 65 முதல் 75 மைக்ரான் வரை வேண்டும் என்பதால், சிறிய முனை பள்ளத்தின் சுவர்களைப் பற்றாமல், அழுக்குப் படிந்த அடியிலேயே உரசிக்கொண்டு போகிறது. உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருந்தும் பகுதி) 78 ஊசி தனியாகக் கிடைக்குமானால் அதை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரு சேனல்களையும் மோனோவாக இணைத்தால், ஊசியின் மேல்கீழ் அசைவால் எழும் இரைச்சலும் பெருமளவு அடங்கும். துடைப்பதற்கு ஆல்கஹால் கலந்த திரவம் கூடவே கூடாது. 78 தட்டு அரக்கால் ஆனது, அதில் கரையும் (ஒரு தட்டின் பளபளப்பை நான் இப்படித்தான் இழந்தேன்). கணினியில் பதிவு செய்யும்போது இரைச்சல் நீக்கியையும் அளவோடு பயன்படுத்துங்கள். மிகுந்தால் சீவாளியின் (நாகஸ்வரத்தில் வாய்வைத்து ஊதும் நாணல்) மூச்சும் அதோடு போய்விடும்.