வலி மாத்திரையால் தோல் உரியுமா?

கேள்வி: முதுகுவலிக்குப் பத்து நாளாக மாத்திரை சாப்பிடுகிறேன். பாராசிட்டமால்கூடத் தோலை உரித்துவிடும் என்கிறார்களே, நிறுத்திவிடவா?

பதில்: பயந்து நிறுத்த வேண்டாம். 'ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம்' எனும் அந்த நோய், எல்லா மருந்துகளையும் சேர்த்தாலே, ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சிலருக்குத்தான் வருகிறது. பாராசிட்டமால் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013-இல் எச்சரித்தது உண்மை. ஆனால் வலி மாத்திரைகளில் ஆபத்து கூடுதலாக உள்ளவை பைராக்சிகாம், மெலாக்சிகாம் போன்ற ஆக்சிகாம் வகைகளே. நரம்பு வலிக்குத் தரும் கார்பமாசெபினுக்கும் இந்த ஆபத்து உண்டு. பெரும்பாலும் புது மருந்து தொடங்கிய 4 முதல் 28 நாளுக்குள் வரும். உங்களுக்கு இது கவனிக்க வேண்டிய காலம், அவ்வளவுதான்.

கேள்வி: சாதாரணத் தடிப்பா, ஆபத்தானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: காணாக்கடி அரிக்கும்; சில மணி நேரத்தில் ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் தடிக்கும். (உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ அதுவும் அவசரம்தான்.) ஸ்டீவன்ஸ் ஜான்சன் வேறு மாதிரி. முதலில் காய்ச்சல், தொண்டைவலி, கண் எரிச்சல். ஓரிரு நாளில் கருஞ்சிவப்புத் திட்டுகள். அரிப்பைவிட வலியும் எரிச்சலுமே அதிகம். பிறகு கொப்புளம்; வாய், கண், பிறப்புறுப்பில் புண். சிக்கல் எங்கே என்றால், அந்தக் காய்ச்சலைச் சளிக்காய்ச்சல் என்று நினைத்து, வினை செய்த அதே மாத்திரையையே இன்னொன்று போட்டுக்கொள்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தீக்காயப் பிரிவும் கண் மருத்துவரும் உள்ள இடமாக இருந்தால் நல்லது. கண்ணில் விழும் தழும்பு பார்வையைக் கெடுக்கும். கொப்புளத்தை உடைக்காதீர்கள், களிம்பு தடவாதீர்கள். கடந்த இரண்டு மாதத்தில் சாப்பிட்ட எல்லா மருந்து அட்டைகளையும், தொடங்கிய தேதியோடு எடுத்துச் செல்லுங்கள். நோயாளியின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கை அளவு, உடல் பரப்பில் சுமார் 1 சதவீதம். தோல் உரிந்தது 10 சதவீதத்துக்குள் என்றால் ஸ்டீவன்ஸ் ஜான்சன். 30-ஐத் தாண்டினால் அதே நோயின் கடுமையான வடிவமான 'டென்' (டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ்). அதில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் இறக்கக்கூடும்.

பிழைத்தவர் அந்த மருந்தை வாழ்நாளில் தொடக்கூடாது. கம்பெனிப் பெயரை அல்ல, மூலப்பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டு மாத்திரைகளில் அது ஒளிந்திருக்கும்.

கேள்வி: ஒரு மாத்திரை போடும்போதெல்லாம் உதட்டோரம் ஒரே இடத்தில் கறுக்கிறது. இதுவும் அதுதானா?

பதில்: இல்லை, இது 'ஃபிக்ஸட் டிரக் எரப்ஷன்'. பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை. ஆனாலும் அந்த மாத்திரையை விட்டுவிடுங்கள்; திரும்பத் திரும்பச் சாப்பிட்டால் திட்டுகள் பெருகும்.