சிசிலியில் தங்கிவிட்ட மனைவிகள் பற்றி

இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து அமெரிக்கா போன ஆண்கள் பற்றி நிறையக் கிடைக்கிறது, ஊரில் தங்கிய மனைவிகள் பற்றி ஒன்றும் சிக்கவில்லை, ஆய்வுக் கட்டுரை நின்றுபோச்சு என்கிறீர்கள். சட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். 1919 வரை இத்தாலியில் மணமான பெண் தன் சொந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கணவன் அனுமதி வேண்டும், அவனோ நியூயார்க்கில், கிளம்பும் முன்பே அனுமதிப் பத்திரம் எழுதிக்கொடுத்திருந்தால் பிழைத்தாள். அங்கே அவன் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தினாலும் இவளுக்கு மறுமணம் கிடையாது. விவாகரத்துச் சட்டமே 1970-ல்தான் வந்தது (அவனுக்கென்ன, கடல் தாண்டியாச்சு). அப்புறம் அவன் அங்கிருந்து அனுப்பிய பணம். அப்படி அனுப்புவது பற்றிய 1901 சட்டத்துக்குப் பிறகு பாங்கோ டி நாபோலி என்ற இத்தாலிய வங்கி வழியாகவும் வந்தது, அதை வைத்துக் கடன் அடைத்ததும் வீடு கட்டியதும் பல இடங்களில் இவள்தான், அதனால் வெறும் பாவப்பட்டவளாக எழுதிவிடாதீர்கள். முதலில் நோட்டரி பத்திரங்களைத் தேடுங்கள்.