பெரிய டயர் எங்கே உரசும்?

கேள்வி: என் பிக்கப்பில் 265/70ஆர்17 டயர் (அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 17 அங்குலம்) இருக்கிறது. 285/70ஆர்17 டயரும், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அதை வண்டியில் பொருத்தும் முகம் வரை உள்ள தூரம், மி.மீ.யில்; குறைந்தால் வீல் வெளியே தள்ளும்) 30-க்குப் பதில் 0 உள்ள வீலும் போட்டால் உரசுமா?

பதில்: நேராக ஓடும்போது பெரும்பாலும் உரசாது, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால்தான் வம்பு. விட்டம் 803 மி.மீ.யிலிருந்து 831 ஆகிறது, அதாவது ஆரம் 14 மி.மீ.தான் கூடுகிறது. ஆனால் டயரின் வெளி விளிம்பு 40 மி.மீ. தள்ளி நிற்கும்: ஆஃப்செட்டால் 30, கூடிய 20 மி.மீ. அகலத்தில் பாதியாக 10. திருப்பும்போது அது பெரிய வட்டமடித்து, மட்கார்டின் பின்பக்க பிளாஸ்டிக் உறையில் இடிக்கும். பழி டயருக்கு, குற்றம் ஆஃப்செட்டுக்கு! 15 அல்லது 20 ஆஃப்செட் வீல் பாருங்கள்.

வாங்குமுன் ஒரு சக்கரத்தை முன்னால் மாட்டி, கட்டை மேல் ஏற்றி, இருபுறமும் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள். ரிவர்ஸிலும்தான். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் மட்டும் போட்டால் தீராது; பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது டயர் மறுபடி மேலே வந்துவிடும்.

வீல் நட்டின் கூம்பு வீலின் துளையோடு பொருந்த வேண்டும். 80 முதல் 100 கி.மீ. ஓடியபின் டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) நட்டுகளை மறுபடி முடுக்குங்கள். பழைய டயரில் ஸ்பீடோமீட்டர் துல்லியமாக இருந்திருந்தால், புது டயரில் அது 100 காட்டும்போது உண்மையில் 103.5-இல் போவீர்கள். ஸ்டெப்னியையும் அதே அளவில் வாங்குங்கள்.